நாயின் உணவும் நெஞ்சின் நலமும்



நெடுந்தீவு என்றதும் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது குதிரையாகத்தான் இருக்கும். குறிகட்டுவான் துறையிற் படகேறி எங்கள் தீவுக்கு வருவோர், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடுகளையும் புறாக்கூட்டையும் பெருக்கு மரத்தையும் பார்த்துவிட்டு, வெட்டவெளியிற் கட்டின்றித் திரியும் குதிரைகளைத் தேடிப் போவர். ஒல்லாந்தர் இங்கே குதிரை வளர்த்தனர். அவர்களுக்குப் பின் வந்த ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்னும் அதிகாரி அந்த வளர்ப்பை மேற்பார்த்தார். குதிரை லாயத்தின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. ஆக, குதிரைக்கு எங்கள் தீவில் ஒரு வரலாறு உண்டு. நாய்க்கு இல்லை. கல்வேலிக்கு அப்பாலிருந்து குரைக்கின்ற நாயைப் பார்ப்பதற்கு எவரும் கடல் கடந்து வருவதில்லை.

ஆயினும் தமிழர் நாயை முற்றும் மறந்துவிட்டவர்கள் அல்லர். தமிழ்நாட்டின் திருவண்ணாமலைப் பகுதியில் எடுத்தனூர் என்னும் ஊரிலே ஒரு நடுகல் உண்டு. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, அதாவது ஏழாம் நூற்றாண்டுக்கு உரியது. மாட்டு மந்தையைக் காத்து மாண்ட வீரனின் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் அக்கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்லெழுத்துக் கூறுகின்றது. மனிதருக்கே பெயர் எழுதி வைப்பது அரிதாயிருந்த காலத்தில் ஒரு நாயின் பெயர் கல்லில் ஏறியது சிறிய காரியம் அன்று.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது நாயின் வீரத்தைப் பற்றியன்று. அதன் சோற்றைப் பற்றி. சோற்றைப் பற்றி மட்டுமன்று. அந்தச் சோறு அதன் இருதயத்துக்குச் செய்யும் நன்மை தீமைகளைப் பற்றி. ஒரு பாடசாலை அதிபர் இந்த விடயத்தை ஏன் எடுத்தார் என்று நீங்கள் எண்ணலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு.

என்னிடம் படித்துப் பின்னர் கனடாவிலே குடியேறிய ஒருவர், சில காலத்துக்கு முன் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். பழைய ஆசிரியரைப் பார்க்க வந்தவர் பேச்சினிடையே தம் கைபேசியில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். பொன்னிற உரோமமுடைய பெரிய நாய். அது இறந்து ஓராண்டு ஆகிவிட்டது என்றார். இருதயம் ஊதிப் பருத்துத் தளர்ந்து போயிற்றாம். தானியம் சிறிதும் கலவாத உணவு என்று எழுதியிருந்த விலையுயர்ந்த பையைத்தான் அவர் மாதந்தோறும் வாங்கிக் கொடுத்து வந்தாராம். அந்த உணவுதான் காரணமாக இருக்கலாம் என்று அங்குள்ள மிருக வைத்தியர் ஐயுற்றாராம். பின்னர் அவர் கேட்ட கேள்வியை அவருடைய சொற்களிலேயே தருகின்றேன்: "சேர், எங்கட வீட்டு நாய் பழஞ்சோறு திண்டு பதின்மூன்று வருஷம் இருந்தது. நான் காசைக் கொட்டி வளர்த்த நாய் ஏழு வயசில செத்துப் போச்சு. அதை நான்தான் கொண்டனானோ?"

அப்பொழுது என்னால் விடை கூற முடியவில்லை. வரலாறு படித்தவன் நான். வைத்தியம் படித்தவன் அல்லன். ஆயினும் உணவுக்கும் வரலாறு உண்டு என்பதால் அந்த வழியே தேடிச் சென்றேன். தேடியதில் கண்டவற்றை இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

முதலில் நாய்க்கும் தானியத்துக்கும் உள்ள உறவைப் பார்ப்போம். நாய் ஓநாயின் வழிவந்தது. ஆகையால் இறைச்சிதான் அதற்கு இயற்கையான உணவு. தானியம் மனிதன் அதன்மேற் சுமத்திய குற்றம் என்பது இக்காலத்திற் பலர் கூறும் வாதம். வாதத்தின் முதற்பகுதி உண்மை. முடிவு உண்மையன்று. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் 2013ஆம் ஆண்டில் ஓநாயின் மரபணுக்களையும் நாயின் மரபணுக்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாப்பொருளைச் செரிக்கச் செய்யும் நொதியத்தை ஆக்குகின்ற மரபணு ஓநாயில் இரண்டு பிரதிகளாகவே காணப்பட்டது. நாய்களிலோ அது நான்கு முதல் முப்பது பிரதிகள் வரை பெருகியிருந்தது. உழவுத்தொழில் தழைத்த நாடுகளின் நாய்களில் இப்பிரதிகள் மிகுதியாகவும், பனிப்பாலை நாய்களிற் குறைவாகவும் உள்ளன என்பது பின்னர் வந்த ஆய்வுகளால் தெரிந்தது. மனிதன் நெல்லும் கோதுமையும் விதைக்கத் தொடங்கிய நாள்முதல், அவன் முற்றத்திற் காத்துக் கிடந்த நாயின் உடம்பும் அவனோடு சேர்ந்து மாறிற்று. பழஞ்சோறு உண்ட எங்கள் வீட்டு நாய் இயற்கைக்கு மாறாக எதையும் செய்துவிடவில்லை. பல்லாயிரம் ஆண்டுப் பழக்கத்தையே அது தொடர்ந்தது.

ஆனால் தானியத்திலும் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. அதை உலகம் அறிந்துகொண்ட கதை இருதயத்தைப் பற்றிய கதையேயாகும். அதற்கு நாம் எங்கள் தீவை ஆண்ட ஒல்லாந்தரின் பின்னே சற்றுத் தூரம் செல்லவேண்டும். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் 1795இல் அதை ஆங்கிலேயரிடம் இழந்தனர். ஆனால் கீழைத்தேயத்தில் அவர்களுடைய தலைநகராயிருந்த யாவாத் தீவின் பத்தாவியா, இன்றைய ஜகார்த்தா, அவர்கள் கையிலேயே நெடுங்காலம் இருந்தது. அங்கே போர்வீரரையும் சிறைக்கைதிகளையும் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. இப்பெயர், முடியாது முடியாது என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பர். அந்நோயில் ஒருவகை நரம்பைத் தாக்கிக் கால்களை விழச் செய்யும். மற்றொருவகை இருதயத்தைத் தாக்கும். கால் வீங்கும், மூச்சு முட்டும், இருதயம் பருத்து ஒருநாள் நின்றுவிடும்.

இந்நோயை ஆராய 1886இல் அங்கு சென்ற குழுவோடு கிறிஸ்தியான் எயிக்மன் என்னும் வைத்தியர் சென்றார். ஏதோ ஒரு கிருமிதான் காரணம் என்று அனைவரும் நம்பிய காலம் அது. ஆராய்ச்சிக்கூடத்திற் கிடந்த கோழிகள் ஒருநாள் தள்ளாடத் தொடங்கின. பின்னர் தாமாகவே தேறின. விசாரித்தபோது அடுக்களையிலிருந்து விடை வந்தது. இராணுவ வைத்தியசாலையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைச் சிலகாலம் கோழிகளுக்குப் போட்டு வந்தார்கள். புதிதாக வந்த சமையற்காரரோ, இராணுவத்துச் சோற்றைக் குடிமக்களின் கோழிகளுக்குக் கொடுக்கலாகாது என்று மறுத்துவிட்டார். பழையபடி தவிடு நீக்காத அரிசி கிடைத்ததும் கோழிகள் பிழைத்தன. ஒரு சமையற்காரரின் கண்டிப்பு மருத்துவ உலகின் கண்ணைத் திறந்தது. அரிசியின் மாவிலே நஞ்சு இருக்கிறது, தவிட்டிலே அதற்கு மாற்று இருக்கிறது என்றே எயிக்மன் முதலில் எண்ணினார். நஞ்சு எதுவும் இல்லை. உடம்புக்கு இன்றியமையாத ஏதோ ஒன்று தவிட்டோடு போய்விடுகின்றது என்று 1901இல் திருத்திச் சொன்னவர் அவருக்குப் பின் அங்கு பணிபுரிந்த கிரீன்ஸ். அந்த ஏதோ ஒன்றைத்தான் நாம் இன்று தயமின் அல்லது விற்றமின் பி ஒன்று என்கின்றோம். எயிக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கதையில் தமிழருக்கும் ஓர் இடம் உண்டு. யாழ்ப்பாணத்தார் எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தராகவும் மலாயாவுக்குச் சென்ற அதே காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் பல்லாயிரவர் அங்குள்ள தோட்டங்களுக்குச் சென்றனர். மலாயாவிற் பணியாற்றிய பிராடன் என்னும் ஆங்கில வைத்தியர் ஒரு வேற்றுமையைக் கவனித்தார். தீட்டிய பச்சையரிசியை உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் கூட்டம் கூட்டமாக மடிந்தனர். அதே மண்ணில், அதே வெயிலில் உழைத்த தமிழ்த் தொழிலாளரை அந்நோய் பெரும்பாலும் அணுகவில்லை. அவர்கள் உண்டது புழுங்கலரிசி. பிராடன் தம் கருத்துகளை 1907இல் நூலாக வெளியிட்டார். பிறேசர், ஸ்ரான்ரன் என்னும் இருவர் அதே காலத்திலே தெருப்போடும் தொழிலாளரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியாருக்கு வெள்ளையரிசியும் மற்றப் பகுதியாருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தனர். வெள்ளையரிசி உண்டவருக்கே நோய் வந்தது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் பக்கம் மாறிற்று.

இதன் காரணத்தை எங்கள் ஆச்சிமார் அறிந்திருக்கவில்லை; செயலை அறிந்திருந்தனர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் நீரோடு கலந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. அதன்பின் உமியையும் தவிட்டையும் நீக்கினாலும் பெரும்பகுதி அரிசியிலேயே தங்கிவிடும். ஆகவே எங்கள் வீட்டு நாய்க்குக் கிடைத்த பழஞ்சோறு வெறுஞ்சோறு அன்று. அது புழுங்கலரிசிச் சோறு. அதன்மேல் மீன்குழம்பின் மண்டியும், மீன்தலையும் முள்ளும், சில நாட்களில் நண்டுக் கோதும் கிடந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இங்கேதான் திரும்பி வரப்போகின்றோம்.

இனி நாயின் உணவு அடுக்களையை விட்டுத் தொழிற்சாலைக்குப் போன கதை. அமெரிக்கரான ஜேம்ஸ் ஸ்பிராட் என்பவர் இடிதாங்கி விற்பதற்காக இலண்டனுக்குச் சென்றாராம். துறைமுகத்தில், கப்பலிலிருந்து வீசிய கெட்டி விசுக்கோத்துகளைத் தெருநாய்கள் கடித்துத் தின்பதைக் கண்டு அவருக்கு ஒரு யோசனை பிறந்தது என்பர். 1860களில் அவருடைய நாய் விசுக்கோத்து இங்கிலாந்திலே விற்பனைக்கு வந்தது. கோதுமை மாவும் காய்கறியும் உலர்ந்த இறைச்சியும் கலந்து செய்தது அது. நாய்க்கென்று தனி உணவை விலைகொடுத்து வாங்கும் வழக்கம் இவ்வாறு வேரூன்றிற்று. 1922இல் அமெரிக்காவில் நாய்க்கான பேணி உணவு வந்தது. மோட்டார் வண்டி பெருகியதால் வேலையிழந்த குதிரைகளின் இறைச்சியே அந்தப் பேணிகளில் அடைக்கப்பட்டது. எங்கள் தீவுக் குதிரைகளும் பிற்காலத்தில் வேலையிழந்தவையே; ஆயினும் அவற்றுக்கு அந்தக் கதி நேரவில்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல். இரண்டாம் உலகப் போரின்போது தகரத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. பேணி குறைந்து உலர்ந்த உணவு பெருகியது. 1950களில், மாவைப் பெரும் வெப்பத்தில் பிதுக்கிப் பொரியாக்கும் இயந்திரமுறை வந்தபின் இன்றைய பை உணவு உருவாயிற்று.

பை உணவில் ஒரு வசதியும் ஒரு பொறுப்பும் சேர்ந்து வந்தன. அடுக்களை நாய்க்கு இன்று ஒன்று, நாளை ஒன்று கிடைக்கும். ஒருநாட் குறையை மறுநாள் நிரப்பும். பை உணவு உண்ணும் நாய்க்கோ நாள்தோறும் ஆண்டுதோறும் அதே உணவுதான். அதில் ஒன்று குறைந்திருந்தால் அந்தக் குறையை நிரப்ப வேறு வழியே இல்லை.

இதற்குச் சான்று முதலிற் பூனையிடமிருந்து வந்தது. டாரின் என்று ஒரு பொருள் உண்டு. 1827இல் ஜெர்மானிய அறிஞர் இருவர் எருதின் பித்தநீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். எருதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே அப்பெயர் வந்தது. இறைச்சியிலும் மீனிலும், சிறப்பாக நண்டு, மட்டி போன்றவற்றிலும் அது மிகுதி. தாவர உணவிலே அது இல்லை என்றே சொல்லிவிடலாம். இருதயத் தசை சுருங்கி விரிவதற்கு அது வேண்டும். பூனையால் அதைப் போதிய அளவு தன் உடம்பில் உண்டாக்க முடியாது, உணவிலிருந்தே பெறவேண்டும். குறைந்தால் கண் கெடும் என்பது 1975இல் தெரிந்தது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் போல் பியொன் என்னும் மிருக வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் 1987இல் அதனினும் பெரிய உண்மையை வெளியிட்டனர். இருதயம் விரிந்து தளர்ந்து சாகும் நிலையிலிருந்த பூனைகளுக்கு டாரினைக் கொடுத்தபோது அவற்றின் இருதயம் மீண்டும் தேறிற்று. அப்பூனைகள் உண்டது தெருக்குப்பை அன்று. நிறைவானது என்று நம்பி விற்கப்பட்ட பேணி உணவும் பை உணவுமே. உற்பத்தியாளர் டாரினைக் கூட்டினர். அந்நோய் பூனைகளில் அரிதாகிப் போனது.

நாய்க்கு இந்தப் பயம் இல்லை என்று அப்பொழுது எண்ணினார்கள். நாயின் உடம்பு கந்தகம் கலந்த இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து டாரினைத் தானே ஆக்கிக்கொள்ளும். ஆயினும் சில இனத்து நாய்களில் இருதயம் விரியும் நோயும் டாரின் குறைவும் ஒன்றாகக் காணப்பட்டன. 2003இல் வெளியான ஓர் ஆய்வு அவ்வாறான பன்னிரண்டு நாய்களைப் பற்றிக் கூறியது. அவற்றுக்குக் கொடுக்கப்பட்ட பை உணவில் ஆட்டிறைச்சி மாவு, அரிசி, அல்லது இவ்விரண்டுமே முதன்மையாக இருந்தன. நேயர்கள் இதை ஊன்றிக் கவனிக்கவேண்டும். தானியம் இருந்த உணவிலும் இந்தத் தீங்கு நேர்ந்திருக்கின்றது.

அதற்குப்பின் 2007 வந்தது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் பசையத்தில் மெலமின் என்னும் இரசாயனப் பொருளைக் கலந்திருந்தார்கள். புரதம் மிகுதியாய் இருப்பதுபோலக் காட்டுவதற்கான கள்ளக் கலப்படம் அது. வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு மாண்டன. கோடிக்கணக்கான பொதிகள் திரும்பப் பெறப்பட்டன. குற்றம் கலப்படக்காரனுடையது, பழியிற் பெரும்பங்கு தானியத்தின் தலையில் விழுந்தது. தானியமே வேண்டாம் என்ற எண்ணம் மக்களிடையே வலுத்தது. நாய் ஓநாயின் பிள்ளை என்ற விளம்பரமும் அதனோடு சேர்ந்துகொண்டது. தானியமற்ற உணவு பெருவணிகமாயிற்று.

ஆனால் பையிலிருந்து ஒன்றை எடுத்தால் அவ்விடத்தை வேறொன்றால் நிரப்பத்தானே வேண்டும்? அரிசியும் கோதுமையும் சோளமும் இருந்த இடத்திற் பட்டாணியும் பருப்பும் கடலையும் உருளைக்கிழங்கும் வந்தன. என் மாணவர் வாங்கிய பையிலும் பெரிய எழுத்தில் இருந்தது, எது இல்லை என்பது. எது இருக்கின்றது என்பதோ பின்புறத்திற் பொடி எழுத்தில் இருந்ததாம்.

2018ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இந்நோய்க்கு வழக்கமாக ஆட்படாத இனத்து நாய்களிலும் இருதயம் விரியும் நோய் காணப்படுகின்றது. அவற்றுட் பல பட்டாணி, பருப்பு, கிழங்கு மிகுந்த உணவை உண்டவை என்று அது கூறியது. மறு ஆண்டு யூன் மாதம் விவரம் வந்தது. 2014 தொடக்கம் 2019 ஏப்பிரல் முடிய நிர்வாகத்துக்குக் கிடைத்த முறைப்பாடுகள் 524. அவற்றில் நாய்களைப் பற்றியவை 515. ஒரே முறைப்பாட்டில் ஒரு வீட்டின் பல நாய்களும் அடங்கியிருந்தன. இறந்த நாய்கள் 119. குறிப்பிடப்பட்ட உணவுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை தானியமற்றவை. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றில் பட்டாணியோ பருப்போ இரண்டுமோ இருந்தன. நாய் வளர்ப்போரிடையே பெருங்கலக்கம் உண்டாயிற்று.

காரணம் என்ன? இங்கேதான் நாம் நிதானமாக நடக்கவேண்டும். ஒரு விளக்கம் நம் சோற்றுத் தட்டிலேயே இருக்கின்றது. பருப்பில் கந்தக அமினோ அமிலம் குறைவு. தானியத்தில் அது கூடுதல். தானியத்திற் குறையும் மற்றோர் அமினோ அமிலம் பருப்பில் நிறைவு. ஆகவே சோறும் பருப்பும் ஒன்றன் குறையை மற்றொன்று தீர்க்கின்றன. சோற்றை எடுத்துவிட்டுப் பருப்பை மட்டும் குவித்தால், டாரினை ஆக்குவதற்கு வேண்டிய மூலப்பொருள் நாய்க்குக் குறையலாம். நார்ப்பொருள் மிகுந்தால் பித்தநீரோடு டாரின் மலத்திற் கழிந்துபோதலும் கூடும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், டாரின் குறைந்து இருதயம் விரிந்த 24 பொன்னிற வேட்டைநாய்களில் 23 நாய்கள் தானியமற்ற உணவையோ பயறு மிகுந்த உணவையோ உண்டவை. உணவை மாற்றி டாரினும் கொடுத்தபோது பெரும்பாலானவை தேறின.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. நோயுற்ற நாய்கள் பலவற்றின் இரத்தத்தில் டாரின் குறையவே இல்லை. அவற்றிலும் சில, உணவை மாற்றியபின் தேறின. அங்ஙனமாயின் வேறொரு காரணமும் இருத்தல் வேண்டும். 2021இல் வெளியான ஓர் ஆய்வு, ஐயத்துக்குரிய உணவுகளையும் மற்ற உணவுகளையும் இரசாயன முறையிற் பிரித்து ஒப்பிட்டது. வேறுபாட்டோடு மிக நெருங்கிய தொடர்புடையதாகப் பட்டாணியே தோன்றிற்று. இதுவும் ஐயத்தைக் கூட்டுவதேயன்றித் தீர்ப்பு அன்று. கோடிக்கணக்கான நாய்கள் அத்தகைய உணவை உண்டும் நோயின்றி வாழ்கின்றன. 2022 நவம்பர் வரை நாய்களைப் பற்றிக் கிடைத்த முறைப்பாடுகள் 1,382. அவ்வாண்டு திசம்பரில் நிர்வாகம், உணவே காரணம் என நிறுவ இத்தகவல்கள் போதா. புதிய அறிவியற் செய்தி வந்தாலன்றி மேலும் அறிக்கை வெளியிடும் நோக்கமில்லை என்று கூறி நின்றுகொண்டது.

வரலாற்று மாணவனுக்கு இதில் எயிக்மனின் கோழிகள் மீண்டும் தெரிகின்றன. அவர் முதலில் அரிசியைக் குற்றவாளி என்றார். குற்றம் அரிசியில் இல்லை. தீட்டி எறிந்ததில் இருந்தது. பூனையைக் கொன்றது பேணி உணவில் இருந்த பொருள் அன்று. அதில் இல்லாத பொருள். இன்று நாயின் உணவில் தானியம் குற்றவாளியா, பட்டாணி குற்றவாளியா என்று கேட்கின்றோம். முதலிற் கேட்கவேண்டிய கேள்வி வேறு: எதை எடுத்தீர்கள், அவ்விடத்தில் எதை வைத்தீர்கள், அதை உண்ட உயிரை எத்தனை காலம் பார்த்தீர்கள்?

இப்பொழுது எங்கள் தீவின் அடுக்களைக்குத் திரும்புவோம். தானியமற்ற உணவு எங்களுக்குப் புதிதன்று. மழை பொய்த்து நெல் விளையாத காலங்களில் இத்தீவின் பனையே மக்களைக் காத்தது. பனங்கிழங்கைக் கிழித்து உலர்த்தி ஒடியலாக்கி, இடித்த மாவை நீரில் ஊறவைத்துக் கயர்ப்பு நீக்கிக் கூழ் காய்ச்சினர். கூழிலே மாவை மட்டும் கரைத்துவிட்டு எவரும் குடித்ததில்லை. மீனும் நண்டும் இறாலும், கிடைத்தால் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் அதிற் சேர்ந்தன. சட்டியின் அடியில் எஞ்சியது முற்றத்து நாய்க்குப் போயிற்று. டாரின் என்ற பெயரை எவரும் கேட்டதில்லை. ஆனால் அது நண்டோடும் இறாலோடும் சட்டியில் இருந்தது. தானியத்தை எடுத்தபோது எங்கள் முன்னோர் அந்த இடத்திற் கடலை வைத்தார்கள்.

இதனால் பழையது யாவும் நன்று என்று நான் கூறவில்லை. எங்கள் முற்றத்து நாய்கள் புழுவாலும் உண்ணியாலும் விசர்நோயாலும் மாண்டதை நான் கண்டிருக்கின்றேன். பதின்மூன்று ஆண்டு வாழ்ந்த நாயை நினைவு வைத்திருக்கும் நாம், குட்டியிலேயே இறந்த பத்து நாய்களை மறந்துவிடுகின்றோம். பச்சைமீனிலும் ஒரு தீங்கு உண்டு. 1932இல் அமெரிக்காவில் நாயினத்தைச் சேர்ந்த நரிகளை வளர்த்த பண்ணையொன்றில், பச்சைமீன் உண்ட நரிகள் கால் விழுந்து மாண்டன. சில மீன்களில் தயமினை அழிக்கும் நொதியம் உண்டென்பதும், சமைத்தால் அது கெட்டுப்போம் என்பதும் பின்னர் தெரிந்தன. ஆகவே நாய்க்கு மீன் கொடுப்போர் அவித்தே கொடுங்கள். முள்ளை நீக்குங்கள். உப்பும் உறைப்பும் வெங்காயமும் சேர்ந்த கறியைத் தவிருங்கள்.

பை உணவு வாங்குவோருக்கும் ஒரு சொல். முன்புறத்திலுள்ள பெரிய எழுத்தை நம்பிப் பணம் கொடாதீர்கள். பின்புறத்திலுள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். முதல் ஐந்தாறு பொருள்களுக்குள் பட்டாணியும் பருப்பும் திரும்பத் திரும்ப வருமானால், மிருக வைத்தியரிடம் காட்டி ஆலோசனை கேளுங்கள். நாய் இளைப்பெடுத்தால், இருமினால், முன்போல ஓடாமற் படுத்தால், மயங்கி விழுந்தால், வயது போய்விட்டது என்று இருந்துவிடாதீர்கள். இருதயம் விரிந்திருப்பதை ஒலியலைப் படத்திற் காணலாம். உணவால் வந்த நோயாயின், காலத்தோடு கண்டால் மீளவும் இடமுண்டு. பூனைகள் மீண்டன; பொன்னிற நாய்களும் மீண்டன.

இனி என் மாணவருக்குச் சொல்லவேண்டிய விடை. அவர் இந்தப் பேச்சைக் கேட்பாரோ அறியேன். கேட்டால் இதுவே நான் சொல்வது: தம்பி, உன் நாயைக் கொன்றது இன்னது என்று எவராலும் உறுதியாய்ச் சொல்ல முடியாது. உணவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் நீ செய்தது பிழையன்று. நல்லது என்று உனக்குச் சொல்லப்பட்டதை, உன்னால் இயன்ற உயர்ந்த விலைக்கு வாங்கி, அன்போடு கொடுத்தாய். பத்தாவியா வைத்தியசாலையிற் கோழிக்கு வெள்ளைச்சோறு போட்டவனும் தீங்கு நினைத்துப் போடவில்லை. குற்றவுணர்வு உயிரை மீட்காது. கவனம் அடுத்த உயிரைக் காக்கும். அந்த நாயின் வைத்தியக் குறிப்புகளை நீ உரியவரிடம் ஒப்படைத்தாய் என்றாய் அல்லவா? ஆயிரத்துக்கு மேற்பட்ட முறைப்பாடுகளில் உன்னுடையதும் ஒன்றாக இருக்கக்கூடும். உண்மை தெரியவரும் நாளில் அதற்கு உன் நாயும் ஒரு சாட்சி.

எடுத்தனூர் நாய்க்குக் கல்லெழுத்தில் இடம் கிடைத்தது. உன் நாய்க்கு வைத்திய வரலாற்றின் ஏடுகளில் ஒரு வரி கிடைத்திருக்கின்றது. இரண்டும் காவல் நின்றவைதாம்.